டிராக்குக்கா, ஆபீஸுக்கா? எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரிட்டனிலிருந்து. குளிர் விலகி டிராக் டே சீசன், அதாவது சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாட்கள், தொடங்கினால் எப்போதும் இப்படித்தான். எழுதுகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: உங்கள் பட்ஜெட், வாரத்துக்கு ஓட்டும் தூரம், வருடத்துக்கு எத்தனை நாள் டிராக் என்ற மூன்றையும் எழுதுங்கள். "நல்ல காரா ஒண்ணு சொல்லுங்க" என்று மட்டும் வந்த கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

தினமும் ஆபீஸுக்கு 30 கிலோமீட்டர். வருடத்தில் நான்கைந்து நாள் டிராக். ஒரே கார்தான் வைத்துக்கொள்ள முடியும். லோட்டஸ் எலீஸா, மாஸ்டா எம்எக்ஸ்-5-ஆ? (ஹாரோ)

ஒரே கார் என்றால் எம்எக்ஸ்-5. 2015-ல் வந்த நான்காம் தலைமுறை, அதாவது என்டி, ஏசியும் பவர் ஸ்டியரிங்கும் வைத்துக்கொண்டே 1,000 கிலோவை ஒட்டி நிற்கிறது. 2.0 லிட்டரில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (வளைவில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது) உள்ளதாகத் தேடுங்கள்.

எலீஸ் இன்னும் இலகு. 1996-ல் வந்த முதல் சீரிஸ் 725 கிலோதான். பிறகு டொயோட்டா இன்ஜினோடு வந்தவை 860 கிலோ சுற்றி. பவர் ஸ்டியரிங் இல்லாததால் ரோட்டின் ஒவ்வொரு மாற்றமும் கைக்கு வந்து சேரும். அதை ஒருமுறை ஓட்டியவர்கள் மறப்பதில்லை, நானும் மறக்கவில்லை. ஆனால் டிசம்பர் மழையில், கோட்டு போட்டுக்கொண்டு, கதவுக்குக் கீழே இருக்கும் அந்த அகலமான சட்டத்தைத் தாண்டி தினம் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். முன்பக்க ஃபைபர் பாடி பெரிய ஒற்றைத் துண்டு. கடை பார்க்கிங்கில் யாராவது லேசாக இடித்தாலே பில் ஆயிரம் பவுண்டுகளில் வரும். அதற்கும் கீழே இருப்பது பசையால் ஒட்டிய அலுமினிய சேசிஸ். அது வளைந்தால் தட்டி நிமிர்த்துகிற வேலை கிடையாது, மாற்றத்தான் வேண்டும். 2021-ல் தயாரிப்பும் நின்றுவிட்டது. வீட்டில் இன்னொரு கார் இருந்தால் எலீஸ் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும், முதல் டிராக் நாளுக்கு முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்.

டிராக்குக்கு எத்தனை குதிரைத்திறன் தேவை? (ஊர் எழுதவில்லை)

எந்தக் கார், எந்த டிராக், எத்தனை வருட அனுபவம்? ஒன்றுமே எழுதவில்லை. முதல் வருடத்துக்கு 130 தாராளம்.

எடை எடை என்று ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள்? 400 குதிரைத்திறன் உள்ள 1,600 கிலோ காரும் அதே வேகத்தில்தானே சுற்றுகிறது? (லெஸ்டர்)

சுற்றும், சில சுற்றுகளுக்கு. ஒரு கணக்கு போடுவோம். மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு பிரேக் பிடிக்கிறீர்கள். 1,000 கிலோ காரில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 7.4 லட்சம் ஜூல். 1,600 கிலோ காரில் கிட்டத்தட்ட 12 லட்சம். ஒவ்வொரு பெரிய வளைவிலும் இந்த வித்தியாசம் சூடாக மாறி டிஸ்க்கிலும் பேடிலும் போய் உட்காருகிறது. டயரும் அதே கதைதான். கனமான கார் நான்காவது சுற்றில் பிரேக் பெடல் மெத்தென்று ஆகி உள்ளே வரும்போது, சாதாரண பேடு போட்ட எம்எக்ஸ்-5 ஓடிக்கொண்டே இருக்கும். நாள் முடிவில் அதே டயரில் வீட்டுக்கும் போகலாம். வருடத்துக்கு ஆகும் செலவை முடிவு செய்வது பெரும்பாலும் எடைதான்.

டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்துப் பழசான பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் நேராகத் தரைக்கு. கார் இலகுவாக இருந்தாலும் இந்த விதி மாறாது.

ரோவர் இன்ஜின் போட்ட பழைய எலீஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா? (ஈஸ்ட் ஹாம்)

அந்த கே சீரிஸ் இன்ஜினில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போவது ஊரறிந்த விஷயம். தரமான கேஸ்கெட் மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள். "மாத்தியாச்சு" என்று வாயால் சொன்னால் விலையில் அதைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

என்னிடம் எம்எக்ஸ்-5 மூன்றாம் தலைமுறை. பக்கெட் சீட், நான்கு முனை ஹார்னஸ் (ரேஸ் கார் பெல்ட்), சின்ன ஸ்டியரிங் எல்லாம் வாங்கிவிட்டேன். ஒரிஜினல் பெல்ட்டைக் கழற்றிவிட்டால் இடம் சுத்தமாக இருக்கும். ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு) அடுத்த வருடம் போடலாம் என்றிருக்கிறேன். மகளைப் பள்ளிக்கு விடுவதும் இதே காரில்தான். ஹார்னஸின் பின்பட்டையை எங்கே கட்டுவது? (மில்டன் கீன்ஸ்)

எங்கேயும் கட்டாதீர்கள். பெட்டியைப் பிரித்திருந்தால் மறுபடி ஒட்டி வையுங்கள்.

இந்தக் கேள்வி ஒவ்வொரு சீசனிலும் வருகிறது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. காரோடு வரும் மூன்று முனை பெல்ட், ஏர்பேக், சீட் மூன்றும் சேர்ந்து ஒரே ஏற்பாடு. மோதும்போது பெல்ட் முதலில் இறுகும், பிறகு அளவோடு தளரும், அந்த நேரத்தில் ஏர்பேக் தலையைத் தாங்கும். இதில் ஒன்றைக் கழற்றினால் மற்ற இரண்டும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்ய முடியாது.

ரோல் பார் இல்லாத திறந்த காரில் ஹார்னஸ் போட்டால் என்ன ஆகும்? கார் கவிழ்ந்தால் மூன்று முனை பெல்ட்டில் உடம்பு கொஞ்சமாவது சாயும். ஹார்னஸ் உங்களை நிமிர்த்திக் கட்டி வைத்திருக்கும். தரையில் முதலில் படுவது உங்கள் தலை. சீட்டுக்குப் பின்னால் கம்பெனி வைத்த சின்ன வளைவுகளை நம்பாதீர்கள். டிராக் அமைப்பாளர்களில் சிலர் அவற்றை ஏற்பதில்லை.

அடுத்து, நான்கு முனை. கால்களுக்கு இடையில் வரும் பட்டை அதில் கிடையாது. மோதும்போது தோள் பட்டைகள் இடுப்புப் பட்டையை மேலே இழுக்கும், இடுப்பு அடியில் வழுக்கும், முழு விசையும் வயிற்றில் இறங்கும். உள்ளுறுப்புகள் கிழிகிற காயம் அது. பின்பட்டையைத் தரையில் கட்டலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தோள் பட்டை ஏறக்குறைய கிடைமட்டமாகப் பின்னால் போக வேண்டும். தரைக்கு இழுத்துக் கட்டினால் மோதும்போது அது முதுகெலும்பைக் கீழே அமுக்கும்.

சின்ன ஸ்டியரிங் போட்டால் ஏர்பேக் போய்விடும். காரோடு வந்த ஏர்பேக் இல்லாவிட்டால் பிரிட்டனின் வருடாந்திர கார் சோதனையான எம்ஓடியில் தேறாது. இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் மாற்றினால் அதுவும் கைவிடும். இவ்வளவையும் செய்துவிட்டு, பள்ளி வாசலில் மகளை ஏற்றப் போகிறீர்கள். அவளுக்கு இந்த டிராக் ஆசை எதுவும் இல்லை. அவள் உட்காரும் பக்கத்து பெல்ட்டைத் தொட உங்களுக்கு உரிமை இல்லை என்றே சொல்வேன்.

சரி, என்ன செய்யலாம்? ஒரிஜினல் சீட், பெல்ட், ஸ்டியரிங் அப்படியே இருக்கட்டும். முதல் பணம் முறையாகச் செய்த, போல்ட் போடும் ரோல் பாருக்கு. 500 பவுண்டு சுற்றி வரும், தலை படும் இடத்தில் மெத்தை ஒட்டுங்கள். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து, ரோல் பாரின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நீளக் குச்சி வைத்துப் பாருங்கள். ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்க வேண்டும். உடம்பு ஆடாமல் இருக்க, சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பூட்டவிட்டு, சீட்டை முன்னால் நகர்த்துங்கள். இறுகப் பிடிக்கும். ஹார்னஸ் வாங்கிய பணத்தை, திருப்பிக் கொடுக்க முடிந்தால், பயிற்சியாளருக்குக் கொடுங்கள். அப்புறம் பிரேக் ஆயில்.

முதல் முறை எந்த டிராக்குக்குப் போகலாம்? (லூயிஷம்)

பெட்ஃபோர்ட் ஆட்டோட்ரோம். தவறினால் விழுவதற்குப் புல்வெளி நிறைய இருக்கிறது. பிராண்ட்ஸ் ஹாட்ச் உங்களுக்குப் பக்கம் என்று தெரியும். அதையும் ஓல்டன் பார்க்கையும் கொஞ்சம் பழகிய பிறகு பாருங்கள்; அங்கே தடுப்புச் சுவர் அருகிலேயே நிற்கும். சைலன்சர் மாற்றியிருந்தால் சத்த வரம்பு என்ன என்று முன்பே கேளுங்கள். டிராக்குக்கு டிராக், நாளுக்கு நாள் அது மாறும். வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், பணம் வராது.

என் வழக்கமான இன்சூரன்ஸ் டிராக்கில் செல்லுமா? நூர்பர்க்ரிங் பொது ரோடுதானே, அங்காவது? (ஸ்லவ்)

பெரும்பாலும் செல்லாது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில், யாரும் பணம் கட்டி ஓட்டக்கூடிய சுற்றுலா ஓட்ட நேரத்தில் ஜெர்மன் சாலை விதிகள் செல்லும்தான், ஆனாலும் பல பிரிட்டிஷ் பாலிசிகள் அதைத் தனியாகப் பெயர் சொல்லியே விலக்குகின்றன. தடுப்புக் கம்பியை இடித்தால் அதற்கும் பில் உங்களுக்கே. டிராக் நாளுக்குத் தனி பாலிசி கிடைக்கும். ஆனால் இடித்தால், கார் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு போல முதலில் உங்கள் கையிலிருந்து போகும். பாலிசியைப் படியுங்கள். எனக்கு எழுதுவதைவிட அது சீக்கிரம்.

இரண்டு சின்னப் பிள்ளைகள். ஆல்பைன் ஏ110-ஆ, டொயோட்டா ஜிஆர்86-ஆ? (குரோய்டன்)

ஆல்பைனில் பின் சீட்டே கிடையாது. வாங்க நினைக்கும் காரின் ஒரு படத்தையாவது பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். ஜிஆர்86 வாங்குங்கள், 1,270 கிலோ சுற்றி, பின்னால் சின்னப் பிள்ளைகள் உட்காரலாம், பின் சீட்டை மடித்தால் டிராக் டயர் நான்கும் உள்ளே போகும்.

கோவையில் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் கார்கள் எதுவும் இங்கே ஷோரூமில் இல்லை. இறக்குமதி செய்தால் வரியே கார் விலைக்கு வந்துவிடும் போலிருக்கிறது. டிராக் ஆசையை விட்டுவிடவா?

ஏன் விட வேண்டும்? செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே உங்கள் ஊரிலேயே இருக்கிறது, 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பெயருக்கு உரிய கரிவர்தன் மாருதி 800 இன்ஜினைப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டியவர். இந்தியாவில் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் அந்த 796 சிசி இன்ஜினில்தான் ரேஸ் கற்றார்கள். 2018-ல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் 900 கிலோவுக்குள். நல்ல டயர், நல்ல பிரேக் பேடு, புது பிரேக் ஆயில் போட்டு அதில் தொடங்குங்கள். வளைவில் வேகத்தை இழக்காமல் ஓட்டக் கற்றுத்தர அந்த 83 குதிரைத்திறனைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

பிறகு சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போங்கள். 3.7 கிலோமீட்டர், வேகமான இடம். ஏப்ரல், மே வெயிலில் போனால் நான்கு சுற்று ஓட்டி, ஒரு சுற்று பிரேக் அதிகம் தொடாமல் ஆறவிட்டு உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சூட்டில் பேடு டிஸ்க்கோடு ஒட்டும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். ஆறிய பிறகு வீல் நட்டை டார்க் ஸ்பேனரால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) ஒருமுறை சரிபாருங்கள்.