மூட்டு ஜவ்வு ஆபரேஷனுக்குப் பின் துடிக்கும் வீக்கம்: கேள்வி பதில்

முழங்கால் ஜவ்வுக்குக் கீஹோல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் சந்தேகங்களுக்குப் பாளையங்கோட்டையைச் சேர்ந்த ரத்தநாள அறுவை சிகிச்சை மருத்துவர் பதில் சொல்கிறார்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அக்கா: டாக்டர், என் தம்பிக்குக் கபடியில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் நடந்தது. மூன்றாவது வாரம் முட்டிக்கு உள்பக்கம் உருண்டையாக ஒரு வீக்கம். தொட்டால் துடிக்கிறது. சீழ்க்கட்டியாக இருக்கும், கீறிவிடலாம் என்கிறார்கள்.

கீற விடாதீர்கள் அம்மா. ஊசி போட்டு உறிஞ்சவும் வேண்டாம். முதலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். நாடியோடு சேர்ந்து துடிக்கிற வீக்கம் என்றால், ஸ்கேன் இல்லையென்று சொல்லும்வரை அதை ரத்தக்குழாய்ப் பிரச்சினை என்றுதான் நான் வைத்துக்கொள்வேன்.

முட்டியைச் சுற்றிச் சின்னச் சின்னத் தமனிகள் பின்னிக் கிடக்கின்றன. புது ஜவ்வுக்காகத் தசைநாண் எடுக்கும்போதோ, கருவி நுழையத் துளை போடும்போதோ, அபூர்வமாக அதில் ஒன்று கீறுபட்டுவிடும். கசிந்த ரத்தம் அங்கேயே பை போலத் தேங்கும். தமனியோடு தொடர்பு அறாததால் அது துடிக்கும். இதைப் பொய்த் தமனி வீக்கம் என்போம். கத்தி வைத்தால் ரத்தம் பீறிட்டு அடிக்கும். சிலருக்கு வெளியே வீக்கமே தெரியாது. மூட்டுக்குள் ரத்தம் கோத்துக்கொண்டே இருக்கும், எடுக்க எடுக்கத் திரும்ப வரும். அப்போதும் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

பை சின்னதாக இருந்தால் தானாக உறைந்துவிடுவதும் உண்டு. இல்லையென்றால் ஸ்கேனில் பார்த்தபடியே அழுத்திப் பிடிக்கலாம், பைக்குள் ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் ஊசி போடலாம். கிளைத் தமனி என்றால் எனக்குத் திருப்தியான வழி காயில்தான். தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை விட்டு, கசிகிற இடத்தில் சுருள் கம்பியை வைத்து அடைத்துவிடுவோம். முட்டிக்கு ரத்தம் குறையுமோ என்று பயப்படாதீர்கள், சுற்றிலும் வேறு கிளைகள் இருக்கின்றன.

வள்ளியூர்: பின்பக்கப் பெரிய தமனியில் அடிபட்டாலும் காயில் வைத்து அடைக்கலாமா?

கூடாது. முழங்காலுக்குக் கீழே ரத்தம் போவதே அந்த பாப்லிட்டியல் தமனி வழியாகத்தான். மூட்டின் பின்சவ்வை ஒட்டியே அது ஓடுகிறது. அதனால்தான் பின் ஜவ்வு ஆபரேஷனில் கூடுதல் கவனம் வேண்டும். அதில் ஓட்டை விழுந்தால் உறை போட்ட ஸ்டென்ட், அதாவது ஓட்டையை உள்ளிருந்து மூடும் வலைக்குழாய், வைக்கலாம், அல்லது திறந்து சரிசெய்யலாம். இளம் வயதுக்காரர்களுக்கு நான் திறந்து செய்வதையே விரும்புவேன். தினமும் மடக்கி நீட்டுகிற இடம், ஸ்டென்ட் நாளடைவில் உடையலாம். மற்றக் காலிலிருந்து சிரையை எடுத்து ஒட்டுப் போட்டால் நீண்ட காலம் உழைக்கும்.

நாங்குநேரி: ஆபரேஷன் முடிந்த ராத்திரி எதைக் கவனிக்கணும் ஐயா?

பாதத்தின் மேலே நாடி துடிக்கிறதா, விரல்கள் வெளுத்திருக்கின்றனவா, ஒரு கால் மட்டும் சில்லிட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதுகில் போட்ட மரப்பு ஊசி சில மணி நேரத்தில் விட்டுவிடும். அதற்குப் பிறகும் மரத்துக் கிடந்தாலோ, மாத்திரைக்கு அடங்காமல் கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், அப்போதே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். ரத்தம் நின்றுபோனால் சுமார் 6 மணி நேரத்துக்குள் திரும்ப ஓடவிட வேண்டும். தாண்டத் தாண்டத் தசை செத்துக்கொண்டே போகும், காலை இழக்கவும் நேரலாம். வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள் என்றால், அங்கே ரத்தநாள மருத்துவர் இப்போது இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டே ஆம்புலன்ஸ் ஏறுங்கள். இரண்டு ஆஸ்பத்திரி அலைவதிலேயே அந்த நேரம் போய்விடும்.

சங்கரன்கோவில்: பத்து நாளில் கெண்டைக்கால் வீங்கிவிட்டது. ஆச்சி எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்கிறார்.

ஆச்சி அக்கறையில் சொல்கிறார், ஆனால் நீவக் கூடாது. சிரைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். நீவினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகிற ஆபத்து உண்டு. இன்றைக்கே டாப்ளர் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் ரத்தம் உறையாத மாத்திரையையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். உள்ளே கசிகிற தமனி இருந்தால் அதே மாத்திரை கேடாக முடியும்.

திசையன்விளை: அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. மருந்து ஏற்றி ரத்தக்குழாயைப் படம்பிடிக்கும் சிடி ஆஞ்சியோ எடுக்கலாமா?

எடுக்கலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறார் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.