சிவப்பாகத் தெரிவதெல்லாம் இளம் விண்மீனா?

கேள்வி: சென்னையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். புராஜெக்டுக்காக, விண்மீன்கள் பிறக்கும் வாயு-தூசு மேகமான ரிஷப மேகத்தை வைஸ் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி எடுத்த தரவை இறக்கி நிற வரைபடம் போட்டேன். நூற்றுக்கணக்கான புள்ளிகள் சிவப்புப் பக்கம் விழுகின்றன. எல்லாமே இளம் விண்மீன்கள் என்று எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம், வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

முறை சரிதான். பிறந்து சில பத்து லட்சம் ஆண்டுகளே ஆன விண்மீனைச் சுற்றிப் பெரும்பாலும் தூசு வட்டு இருக்கும். சூடேறிய அந்தத் தூசு அகச்சிவப்பில் ஒளிரும். 3.4, 4.6 மைக்ரான் அலைநீளப் பட்டைகளின் ஒளியளவு வித்தியாசம் சாதாரண விண்மீனுக்குப் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், இதற்கு எகிறும். ஆனால் தொலைதூர விண்மீன் திரள்களுக்கும், தூசைக் கக்கும் முதிய செம்பெருமீன்களுக்கும் அப்படியேதான் எகிறும். மேகத்துக்குப் பின்னால் மாட்டி, அதன் தூசால் சிவந்துபோன விண்மீன்கள் வேறு. டூமாஸ் என்ற அகச்சிவப்பு வான் கணக்கெடுப்பின் ஜே, எச், கே பட்டை அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கடைசி ரகத்தை ஓரளவு கழிக்கலாம்.

12, 22 மைக்ரான் எண்களை லேசில் நம்பாதீர்கள். அந்த அலைநீளங்களில் மேகமே ஒளிர்வதால், விண்மீன் இல்லாத இடத்திலும் பட்டியலில் ஓர் எண் உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு 22 மைக்ரானில் வைஸின் பிரிதிறன் 12 வில்விநாடிதான் (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). பக்கத்து விண்மீனின் ஒளியும் கலந்துவிடும். இரைச்சல் மிகுந்தவற்றை நீக்கிவிட்டு, மிச்சத்தை அலாடின் என்ற வான்பட மென்பொருளில் ஒவ்வொன்றாகத் திறந்து படத்தைப் பாருங்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை கசக்கும், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது. 22 மைக்ரானில் புள்ளியாக நின்றால் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் படலமாகப் பரவியிருந்தால் அந்த எண்ணைத் தூக்கிவிடுங்கள்.

அப்புறம், விண்மீன்களின் தொலைவையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவு. அட்டவணைகளை ஒப்பிடும் டாப்கேட் மென்பொருளில் இரண்டு பட்டியல்களையும் 2 வில்விநாடிக்குள் பொருத்தினால் போதும். ரிஷப மேகம் சுமார் 450 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் உறுப்பினர்களின் இடமாறு தோற்றம், அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் அளவு, 7 மில்லி வில்விநாடியை ஒட்டி வர வேண்டும்; தொலைவு கூடக் கூட இது குறையும். 1 என்று வந்தால் அது பின்னணி ஆசாமி. ரிஷப ராசியில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ரோகிணிகூட 65 ஒளியாண்டில், மேகத்துக்கு வெகு முன்னால் நிற்கிறது.

கையாவில் இல்லை என்பதற்காக எதையும் நீக்காதீர்கள். அது கண்ணுறு ஒளியில் பார்த்தது; மேகத்துக்குள் புதைந்த பச்சைக் குழந்தைகள் அதற்குத் தெரிந்திருக்காது. மறுபக்கம், வட்டை இழந்துவிட்ட இளம் விண்மீன்கள் உங்கள் நிற வரைபடத்தில் சிக்கவே சிக்காது. மேகத்தோடு ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்கிறவற்றைக் கையாவில் தேடித்தான் அவற்றைப் பிடிக்க வேண்டும்.

இத்தனையும் தாண்டி நிற்பதை ‘இளம் விண்மீனாக இருக்கக்கூடியவை’ என்றே எழுதுங்கள். உறுதிசெய்ய நிறமாலை வேண்டும்: 6563 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஹைட்ரஜன் உமிழ்வு, 6708-இல் லித்தியம் உட்கவர்வு. சீனாவின் நிறமாலைத் தொலைநோக்கியான லாமோஸ்டின் பொதுத் தரவில் முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால், காவலூரின் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கு வழிகாட்டி மூலம் விண்ணப்பிக்கலாம். ஜனவரி இரவுகளைக் கேளுங்கள். மழை ஓய்ந்திருக்கும், ரிஷபமும் முன்னிரவிலேயே உச்சிக்கு வந்துவிடும்.