சிரியாவின் ஷஹ்பா நகரில் ரோமானிய இடிபாடுகள் எப்படி வந்தன?

ஒரே ஆளால்தான். ரோமப் பேரரசர் 'அரேபியன்' பிலிப் பிறந்த ஊர் இது. கி.பி. 244-ல் அரியணை ஏறியதும் சொந்தக் கிராமத்தைக் குட்டி ரோமாக்கக் கிளம்பிவிட்டார், பெயரும் பிலிப்போபோலிஸ். மதில், வாசல்கள், குளியல் மண்டபம், அரங்கம் என எல்லாம் அந்தப் பக்கத்துக் கருங்கல்லான பசால்ட்டில்.

249-ல் அவர் போரில் செத்ததும் கட்டுமானம் அப்படியே நின்றுபோனது. ஆனாலும் அடுத்த நூற்றாண்டில் இங்கே வசதியானவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தரையில் சிறு வண்ணக் கற்களால் பதித்த மொசைக் படத்தில் கிரேக்கப் புராணத்து இசைக்கலைஞன் ஆர்ஃபியஸ் யாழ் மீட்ட, விலங்குகள் சுற்றி நின்று கேட்கின்றன. என்னைக் கேட்டால் அரங்கத்தைவிட இதுதான் பார்க்க வேண்டியது, அதே வீட்டின் மேலேயே அருங்காட்சியகம் கட்டிவிட்டார்கள்.

அப்புறம், இன்று இங்கே பெரும்பாலும் வாழும் ட்ரூஸ் மக்கள், அதாவது இஸ்லாமிலிருந்து கிளைத்த தனிச் சமயத்தினர்? பெரும்பாலும் லெபனான் மலைகளிலிருந்து, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பகுதிக்கு வந்து குடியேறியவர்கள்.