கம்பி இழுத்த வண்டி எங்கே போயிற்று?

கேள்வி: எங்கள் ஊர் ரயில் நிலையத்தின் கடைசிக் கிளைப்பாதையில் நீண்ட காலமாக மூன்று பழைய பெட்டிகள் நிற்கின்றன. சன்னல்களில் கம்பிவலை அடித்திருக்கிறது. சில மாதங்கள் ஆள் நடமாட்டம் தெரிகிறது. பிறகு பூட்டிக் கிடக்கின்றன. இவை என்ன வண்டிகள்? கடைசியில் இவற்றை என்ன செய்வார்கள்?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அவை 'கேம்ப் கோச்' என்று ரயில்வே ஊழியர்கள் அழைக்கும் முகாம் பெட்டிகளாக இருக்க வேண்டும். தண்டவாளம், பாலம், சிக்னல், மின்கம்பி ஆகிய வேலைகளுக்காக வெளியூர் செல்லும் ஊழியர்கள் வேலை முடியும்வரை தங்கிச் சமைத்து உறங்குவதற்கானவை இவை. அடுத்த முறை அருகில் போகும்போது பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் குறியீட்டைப் பாருங்கள். ரயில்வேயின் சொந்த உபயோகத்துக்கான வண்டிகளுக்கு வழக்கமாக 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறி இருக்கும். அதிகாரிகள் ஆய்வுக்குச் செல்லும் பெட்டிக்கு 'ஆர்ஏ' என்பது போல.

இவற்றில் பெரும்பாலானவை பணிக்கென்றே பிறந்தவை அல்ல. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் தொடங்கி 2018 ஜனவரி வரை தனது பழைய வடிவமைப்பில் கட்டிய எஃகுப் பெட்டிகளுக்குப் பயணிகள் சேவையில் 25 ஆண்டு ஆயுள் என்பது பொதுக் கணக்கு. அந்த வயதை நெருங்கும்போது சில பெட்டிகளின் சன்னல்களை அடைத்து, முனைகளில் கதவு வைத்து, கார் ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டிகளாக மாற்றிவிடுகிறார்கள். வேறு சில, பணிவண்டிகளாகின்றன. இருக்கைகளைக் கழற்றிவிட்டு மரப்பலகைக் கட்டில், தண்ணீர்த் தொட்டி, சமையல் மேடை, கருவிப் பெட்டி ஆகியவற்றை வைத்தால் வேலை முடிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு யார்டில் இப்படி ஒரு பெட்டியை உள்ளே ஏறிப் பார்த்தேன். சாமான் வைக்கும் தட்டில் வரிசையாக டிபன் கேரியர்கள் இருந்தன. படிக்கட்டுக்கு அருகில் காலி பெயின்ட் டப்பாவில் கறிவேப்பிலைச் செடி வளர்ந்திருந்தது. கழிவறைக் கதவின் மேல் பயணிகளுக்கான அறிவிப்பு அப்படியே இருந்தது: 'வண்டி நிலையத்தில் நிற்கும்போது உபயோகிக்காதீர்கள்'. மாதக்கணக்கில் நிலையத்திலேயே நிற்கும் வண்டி அது!

முடிவு என்ன என்று கேட்கிறீர்கள். ஆய்வு செய்து 'இனிப் பழுதுபார்ப்பது வீண்' என்று தீர்மானித்துவிட்டால், ஊழியர் பேச்சில் அது 'கண்டம்' ஆன பெட்டி. பயன்படும் பாகங்களைக் கழற்றிக்கொண்ட பிறகு உடற்பகுதி இரும்பு விலைக்கு ஏலம் போகிறது. ஆனால் பழைய சக்கரத்துக்கும் அச்சுக்கும் வேறொரு வழி உண்டு. பெங்களூரு யலகங்காவில் 1984 முதல் இயங்கும் ரயில் சக்கரத் தொழிற்சாலை, ரயில்வேயின் பல பகுதிகளிலிருந்து வரும் கழிவுச் சக்கரங்களையும் அச்சுகளையும் மின்வில் உலையில் உருக்கிப் புதிய சக்கரங்களை வார்க்கிறது. எனவே உங்கள் ஊர்ப் பெட்டி மறைந்து போனாலும், அதன் சக்கரம் வேறொரு வண்டியின் அடியில் மீண்டும் உருண்டுகொண்டிருக்க வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: எங்கள் பாதை மின்மயமானபோது பெரிய பெரிய கம்பி உருளைகளை ஏற்றிய ஒரு விசித்திரமான வண்டி வந்து போனது. கூரையின் மேல் ஆட்கள் நின்று வேலை செய்தார்கள். அதன் பிறகு அதைக் காணவே இல்லை. அது எங்கே போயிருக்கும்?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: 'ஒயரிங் டிரெயின்' என்று சொல்லப்படும் கம்பி இழுக்கும் வண்டியைத்தான் பார்த்திருக்கிறீர்கள், அம்மா. தட்டையான வேகன்களில் கம்பி சுற்றிய டிரம்கள், அவற்றை அடுத்துக் கூரை மேல் நடைமேடை அமைத்த பழைய பெட்டிகள், தள்ளுவதற்கு ஓர் எஞ்சின். அவ்வளவுதான் அந்த வண்டி.

மின்பாதையில் மேலே இரண்டு கம்பிகள் ஓடுகின்றன. மேலே இருப்பது 65 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தாங்கு கம்பி; அதிலிருந்து சிறு தொங்கு கம்பிகளால் தொங்குவது, எஞ்சின் கூரையில் மின்சாரம் எடுக்கும் சட்டமான பான்டோகிராஃப் உரசிச் செல்லும் 107 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. இரண்டையும் தலா சுமார் 1,000 கிலோகிராம் விசையில் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். கோடையில் நீண்டு தொய்யாமலும் குளிர்காலத்தில் சுருங்கி அறுபடாமலும் இருக்கும்படி முனைக் கம்பங்களில் எடைக் கட்டிகளைத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்படி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ள ஒரு நீளம் அதிகபட்சம் 1.5 கிலோமீட்டர். அதற்குத் தேவையான செம்புக் கம்பியின் எடை மட்டுமே, பரப்பை வைத்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 1.4 டன் வருகிறது. அதிகபட்சம் 72 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் கம்பங்களில் கப்பிகளைத் தொங்கவிட்டு முதலில் தாங்கு கம்பியையும் பிறகு செம்புக் கம்பியையும், ரயில் போக்குவரத்தை நிறுத்தி வாங்கிய சில மணி நேர 'லைன் பிளாக்'குக்குள், நடைவேகத்தில் விட்டுக்கொண்டே போக வேண்டும். டிரம்மின் பிரேக்கைப் பிடித்திருப்பவர் கொஞ்சம் தளர்த்திவிட்டால் கம்பி தரையைத் தொட்டுவிடும். அதிகமாக இறுக்கினால் கப்பியிலிருந்து துள்ளிவிடும். வண்டி பழையது என்றாலும் வேலை கைத்திறன் சார்ந்தது.

இந்த வண்டியின் தலையெழுத்து வேடிக்கையானது. ஒவ்வொரு கிலோமீட்டர் கம்பி இழுக்கும்போதும் தனக்கான வேலையில் ஒரு கிலோமீட்டரை அது குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் 1931-இல் மின்ரயில் ஓடத் தொடங்கியது. இன்று நாட்டின் அகலப் பாதைகளில் மின்கம்பி இல்லாதவை மிகச் சொற்பம். புதுப் பாதைகளில் இரண்டு கம்பிகளையும் ஒரே சமயத்தில் உரிய விசையோடு இழுத்துச் செல்லும் தானியங்கி வண்டிகளும் வந்துவிட்டன. ஆகவே பழைய ஒயரிங் வண்டிகளில் பல பிரிக்கப்பட்டு, தட்டை வேகன்கள் தண்டவாளமும் ஜல்லியும் சுமக்கப் போய்விடுகின்றன; பெட்டிகள் கிளைப்பாதையில் நின்று கண்டமாகின்றன.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிதாக இருக்கும்போது 12.24 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பி, உரசி உரசித் தேய்ந்து 8.25 மில்லிமீட்டர் கனத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே தீர வேண்டும். அந்த நாளில் உங்கள் ஊருக்கு மறுபடியும் டிரம் ஏற்றிய வண்டி ஒன்று வரும்.

மீட்டர்கேஜ் பணிவண்டிகளுக்கு இந்த வாய்ப்பும் இல்லாமற்போனது. 1992-இல் ஒரே அகலப் பாதைத் திட்டம் தொடங்கியதும், பாதை மாறிய இடங்களில் அவை ஓடத் தண்டவாளமே இல்லாமல் அநாதையாயின. டீசல் எஞ்சின்களையாவது மியான்மர் போன்ற நாடுகள் வாங்கிக்கொண்டன. ஓட்டை விழுந்த ஜல்லி வேகனை யார் கேட்பார்கள்?

கேள்வி: ஜப்பானில் மஞ்சள் நிறப் பராமரிப்பு ரயில் ஒன்று ஓய்வு பெற்றபோது மக்கள் கூட்டமாக வந்து கண்ணீர் விட்டதாகப் படித்தேன். பராமரிப்பு வண்டிக்கு இவ்வளவு மரியாதையா?
– ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: ஆம். 'டாக்டர் எல்லோ' என்பது அதன் பெயர். புல்லட் ரயில் பாதையில் ஓடிக்கொண்டே தண்டவாளத்தின் வளைவு நெளிவையும் மேல்கம்பியின் தேய்மானத்தையும் அளக்கும் ஏழு பெட்டி வண்டி. ஏறத்தாழ 10 நாளுக்கு ஒருமுறை வரும். கால அட்டவணையை வெளியிட மாட்டார்கள். ஆகவே கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம் என்று சிறுவர்கள் நம்பினார்கள். 2001 முதல் ஓடிய வண்டி 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றது. அதன் முன்பெட்டி நகோயாவிலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டது. வண்டிக்கு வயதானதோடு, அளக்கும் கருவிகளைப் பயணிகள் ரயிலிலேயே பொருத்திவிட முடிகிறது என்பதும் ஒரு காரணம். நம் நாட்டில் பழைய நீராவிப் பளுதூக்கிகள் சில அருங்காட்சியகம் சேர்ந்திருக்கின்றன. முகாம் பெட்டியையோ கம்பி இழுத்த வேகனையோ பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் அரிது என்பதே என் வருத்தம். மகாராஜாவின் சொகுசு சலூன் பெட்டிக்குக் கிடைக்கும் இடத்தில் நான்கில் ஒரு பங்கு இவற்றுக்குக் கிடைத்தால் போதும்.

கேள்வி: கண்டமான பெட்டி ஒன்றை வாங்கி என் தோட்டத்தில் சிறு நூலகம் அமைக்க ஆசை. தனிநபர் வாங்க முடியுமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: கழிவுப் பொருள்களை ரயில்வே தனது 'ஐ.ஆர்.இ.பி.எஸ்.' இணையதளத்தில் மின்னணு ஏலத்தில் விற்கிறது. பதிவு செய்துகொண்டு முன்பணம் கட்டுபவர்கள் கேட்கலாம். ஆனால் பெட்டிகள் பெரும்பாலும் தொகுதி தொகுதியாக, பழைய இரும்பு வியாபாரிகளை மனத்தில் வைத்தே ஏலத்துக்கு வருகின்றன; எடுத்துச் செல்லும் பொறுப்பும் வாங்குபவருடையது. ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21 மீட்டருக்கு மேல், அகலம் 3.25 மீட்டர். இரண்டு கிரேனும் ஒரு நீள டிரெய்லரும் தேவைப்படும். ஏலத் தொகையை விட்டுத்தள்ளுங்கள். உங்கள் தோட்டத்துக்கு வரும் வழியில் எத்தனை வளைவு, எத்தனை தாழ்வான மின்கம்பி என்பதை முதலில் நடந்து போய் எண்ணிவிட்டு வந்து எழுதுங்கள்.