சன்ரூஃப் கண்ணாடி மாற்றக் கொடுக்கும் முன்: கேள்வி பதில்

கார் கண்ணாடி பொருத்தும் வேலையில் எனக்கு 18 வருடம் ஆகிறது. கார் கூரையில் இருக்கும் கண்ணாடி ஜன்னலான சன்ரூஃப் உடைந்து வருகிறவர்கள் வாய் திறந்ததும் கேட்பது, "கண்ணாடி எவ்வளவு?" கேட்க வேண்டியதுதான், ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல. உடைந்த தூள் எங்கெல்லாம் போனது, அதை எடுப்பது யார் பொறுப்பு? நானாக இருந்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன். உங்கள் கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சன்ரூஃபில் சின்னக் கல் பட்டு ஒரு புள்ளி விழுந்திருக்கிறது. முன் கண்ணாடியில் ரெசின் விட்டு அடைக்கிற மாதிரி இதையும் அடைக்க முடியாதா அண்ணா?

பெரும்பாலும் முடியாது. முன் கண்ணாடி என்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. அடிபடுவது வெளித் தகடு மட்டும் என்பதால் ரெசின் இறக்கலாம். சன்ரூஃபில் அதிகம் வருவது டெம்பர்டு கண்ணாடி. 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர வைத்தது. அதன் மேல்தோல் அழுத்தத்தில் இறுகியும், உள்பகுதி இழுபட்டும் நிற்கும். அந்தத் தோலைத் தாண்டி ஒரு கீறல் இறங்கினால் மொத்தமும் ஒரே நொடியில் கற்கண்டு போல உதிர்ந்துவிடும்.

உங்களுடையது இன்னும் நிற்கிறது என்றால், ஒன்று புள்ளி ஆழமாக இறங்கவில்லை, இல்லை அது லேமினேட்டட். கூரை நெடுகப் பெரிய கண்ணாடி வரும் பனோரமிக் கூரைகள் சிலவற்றில் லேமினேட்டட் வருகிறது. கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் ஓர் அச்சு இருக்கும், பாருங்கள். டெம்பர்டா லேமினேட்டடா என்று பலவற்றில் எழுதியே இருக்கும். லேமினேட்டட் என்றால் அடைக்க வழி உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். டெம்பர்டு என்றால் மாற்ற நாள் குறித்துவிடுங்கள். வேகமாக ஓட்டும்போது தலைக்கு மேல் அது உதிர்வது நல்ல அனுபவம் இல்லை.

கேள்வி: நேற்று நிறுத்தியிருந்த காரில் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். போய்ப் பார்த்தால் சன்ரூஃப் இல்லை. நான் ஏதோ இடித்துவிட்டேன் என்று சர்வீஸ் அட்வைசர் சொல்கிறார். தானாக உடையுமா?

உடையும். விளிம்பில் எப்போதோ பட்ட சிறு சிதைவு வாரக்கணக்கில் தூங்கிவிட்டு, வெயிலும் குளிரும் மாறும் ஒரு நாளில் எழுந்துகொள்ளும். கண்ணாடிக்குள் தயாரிப்பின்போதே நிக்கல் சல்ஃபைடு துகள் மாட்டியிருந்தால் அது மெல்ல மெல்லப் பெருத்து, ஒரு நாள் வெடிக்க வைக்கும். பொருத்தும்போது ஒரு ஸ்க்ரூவை மட்டும் அதிகமாக இறுக்கியிருந்தாலும் கண்ணாடி முறுக்கிக்கொண்டே நிற்கும்.

நிறுவனங்களே ஒப்புக்கொண்டு ரீகால் செய்ததும், அதாவது விற்ற கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ததும் உண்டு. 2012-ல் ஹூண்டாய் வெலாஸ்டர் காரின் பனோரமிக் கூரைக்காக அமெரிக்காவில் ரீகால் வந்தது. தொழிற்சாலையில் பொருத்தும்போதே கண்ணாடி பலவீனமாகியிருக்கலாம் என்பது காரணம். அடுத்த வருடம் ஆடி க்யூ5-க்கு, கடுங்குளிரில் முன்பக்கக் கூரைக் கண்ணாடி உடையலாம் என்று ரீகால். அதனால் அட்வைசரிடம் சண்டை போடுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். என் சேசிஸ் எண்ணுக்கு ரீகால் இருக்கிறதா? கூரைக் கண்ணாடி வாரண்டியில் வருமா? வராது என்றால் எதை வைத்து வெளி அடி என்கிறீர்கள், எழுத்தில் தருவீர்களா? மூன்றாவதைக் கேட்டதும் பேச்சின் தொனி மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: உடைந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது. கடைக்குப் போகும்வரை என்ன செய்வது?

சன்ரூஃப் சுவிட்சைத் தொடாதீர்கள், இதுதான் முக்கியம். மோட்டார் நகர்ந்தால், கண்ணாடி சறுக்கி ஓடும் ரெயிலில் கிடக்கும் துண்டுகளை அது அரைத்துக்கொண்டே போகும். உள்ளே இருக்கும் நிழல் திரை மூடியிருந்தால் அப்படியே விடுங்கள். பாதித் தூள் அதன்மேல்தான் கிடக்கும். திறந்தீர்கள் என்றால் அத்தனையும் கூரையின் பின்பக்கக் கூட்டுக்குள் போய்விடும், அப்புறம் கூரையின் உள்பக்க உறையான லைனரை இறக்காமல் எடுக்க முடியாது. கையுறை போட்டுக்கொண்டு, மேலிருந்து வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். அதற்கும் முன்னால் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள், இன்சூரன்சுக்குத் தேவைப்படும். தடித்த பிளாஸ்டிக் தாள் போட்டு டேப் ஒட்டிவிட்டு மெதுவாக ஓட்டிப் போங்கள்.

கேள்வி: ஒரு கடையில் கண்ணாடி மட்டும் போதும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் ரெயில், மோட்டாரோடு முழு செட் மாற்ற வேண்டும் என்று பல மடங்கு எஸ்டிமேட். யாரை நம்புவது?

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம், அதுதான் சிக்கல். சில மாடல்களுக்கு நிறுவனம் கண்ணாடியைத் தனியாக விற்பதே இல்லை. "என் காருக்குக் கண்ணாடி தனியாக ஒரு பார்ட் நம்பரில் வருகிறதா? கேட்டலாக்கைத் திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். தனியாக வருகிறது என்றால் அடுத்தது: "ரெயில், கேபிள், கைடு இவற்றில் எது கெட்டிருக்கிறது? காட்டுங்கள், அல்லது படம் எடுத்து அனுப்புங்கள்." நெளிந்த ரெயிலும் உடைந்த பிளாஸ்டிக் கைடும் கண்ணுக்குத் தெரியும். காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இன்னொன்று. கூரைச் சட்டம் முழுவதையும் கார் நிறுவனமே செய்வது அபூர்வம். வெபாஸ்டோ, இனால்ஃபா போன்றவர்கள் செய்து கொடுப்பதைத்தான் பல நிறுவனங்கள் பொருத்துகின்றன. சட்டத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள், பாகம் தேடும்போது உதவும்.

கேள்வி: ஒரிஜினல், வெளி கம்பெனி, பழைய வண்டியில் கழற்றியது. எதைப் போடலாம்?

வெளி கம்பெனிக் கண்ணாடி என்றாலே மட்டம் இல்லை. கார் நிறுவனத்துக்கே கண்ணாடி கொடுக்கும் ஆலை, தன் பெயரில் தனியாக விற்பதும் உண்டு. நான் பார்ப்பது வேறு: வளைவு சரியாக இருக்கிறதா, அடியில் பிராக்கெட்டுகள் அதே இடத்தில் இருக்கின்றனவா, சுற்று ரப்பர் கண்ணாடியோடு வார்க்கப்பட்டு வருகிறதா, இல்லை பழைய பீடிங்கையே (விளிம்பு ரப்பரையே) மறுபடி மாட்டப் போகிறார்களா. பழைய பீடிங் என்றால் நான் வேண்டாம் என்பேன். நிறத்தின் அடர்த்தியும் பொருந்த வேண்டும். மூலை அச்சில் ரோமன் எண் ஐந்து இருந்தால் ஒளியை 70 சதவீதத்துக்கும் குறைவாக விடும் கறுத்த கண்ணாடி என்று பொருள். பழையதில் அது இருந்து புதியதில் இல்லை என்றால், கோடையில் தலை சொல்லும்.

பழைய வண்டியில் கழற்றியதைப் போடுவது பாவம் ஒன்றும் இல்லை, ஆனால் விளிம்பு முழுவதும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் ஓர் இடத்தில் தட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டெம்பர்டு கண்ணாடியின் உயிர் விளிம்பில்தான்.

கேள்வி: கூரை லைனரை இறக்க வேண்டும் என்கிறார்கள். கண்ணாடி மேலேதானே இருக்கிறது?

நகரும் கண்ணாடி பல கார்களில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நட்சத்திரத் தலை ஸ்க்ரூவில் நிற்கிறது. அதற்கு லைனரைத் தொட வேண்டாம். நகராத பனோரமிக் கண்ணாடி யூரித்தேன் பசையில் ஒட்டியது, அதை அறுத்து எடுக்க வேண்டும். சில மாடல்களில் அதற்கும், தூள் உள்ளே போயிருந்தால் எல்லா மாடலிலும், லைனரை இறக்க நேரிடலாம். அப்படி என்றால் கேட்டே ஆக வேண்டியது: கூரையின் ஓரத்தில் ஓடும் கர்ட்டன் ஏர்பேக்கை (மோதினால் ஜன்னல் பக்கம் திரை போல விரியும் காற்றுப் பையை) தொடுவீர்களா, அதற்கு முன் பேட்டரியைக் கழற்றுவீர்களா, லைனர் மடங்கினால் யார் பொறுப்பு? மடங்கிய லைனர் நிமிராது, கோடு விழுந்தது விழுந்ததுதான்.

கேள்வி: ஒரு மணி நேரத்தில் தந்துவிடுகிறேன் என்கிறார். நம்பலாமா?

ஸ்க்ரூவில் நிற்கும் கண்ணாடி, தூள் அதிகம் உள்ளே போகவில்லை என்றால் நம்பலாம். பசை என்றால் "எந்தப் பசை, எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம்?" என்று கேளுங்கள். யூரித்தேன் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும். குளிரிலும் வறண்ட காற்றிலும் தாமதமாகும். அந்த நேரம் பசையின் தாளிலேயே அச்சிட்டிருக்கும், "அது பார்த்துக்கலாம்" என்பது பதில் இல்லை. முதல் நாள் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். எல்லாம் மூடிய காரில் கதவை ஓங்கி அடித்தால் உள்காற்று ஒட்டாத கண்ணாடியைத் தூக்கும். அறுக்கும்போது பெயின்ட் கீறினால் பிரைமர் பூசுவீர்களா என்றும் கேளுங்கள். பூசாவிட்டால் துரு பசைக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்க்கும்.

கேள்வி: கண்ணாடி மாற்றி இரண்டு மாதம். மழை பெய்தால் கால் மிதியடி ஈரமாகிறது. ரப்பர் சரியில்லை என்று மறுபடி பணம் கேட்கிறார்கள் சார்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இங்கே வந்ததே.

சன்ரூஃபின் ரப்பர் தண்ணீரை முழுக்கத் தடுப்பதற்கு இல்லை. கொஞ்சம் உள்ளே வரும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். வந்த தண்ணீர் சுற்றியுள்ள தொட்டி போன்ற காடியில் விழும். அதன் மூலைகளில் மெல்லிய குழாய்கள். பெரும்பாலான கார்களில் நான்கு. முன்னது இரண்டும் முன் கண்ணாடித் தூண் வழியாகவும், பின்னது பின் தூண் வழியாகவும் இறங்கி, வண்டிக்கு வெளியே விடும். குழாய் அடைத்தால் காடி நிரம்பி, தண்ணீர் லைனர் வழியாகவோ தூண் வழியாகவோ உள்ளே இறங்கும். கூரையில் கோளாறு, ஈரம் காலடியில்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வண்டி வந்தது. வேறோர் இடத்தில் கண்ணாடி மாற்றியது, ரப்பர் இரண்டு முறை மாற்றியது, சிலிக்கான் கூடப் பூசியிருந்தார்கள். நான் முன் இடது மூலையில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக விட்டேன். கீழே சொட்டு வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் குழாயின் வாயில் ஒரே ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றிப் பழைய கிரீசும் தூசியும் திரண்டு தக்கை மாதிரி உட்கார்ந்திருந்தது. குறடால் எடுத்ததும் தண்ணீர் களுக் என்று இறங்கியது. அந்த ஒரு துண்டுக்குத்தான் அத்தனை செலவு.

உங்கள் வண்டியிலும் முதலில் இதைப் பாருங்கள். நன்றாக ஓடும் குழாயில் நீர் தேங்காமல் இறங்கி, சில நொடியில் அடியில் சொட்டும். அடைத்திருந்தால் கம்ப்ரசர் காற்றை வைத்து ஓங்கி ஊதாதீர்கள். குழாய் உள்ளேயே இணைப்பிலிருந்து கழன்றுகொள்ளும், அப்புறம் தண்ணீர் நேராகத் தூணுக்குள். மெல்லிய நைலான் கம்பியோ, மென்மையான உறிஞ்சலோ போதும்.

மாற்றக் கொடுக்கப் போகிறவர்கள் இப்படிக் கேளுங்கள்: "வேலை முடிந்ததும் நான்கு மூலையிலும் என் கண் முன்னால் தண்ணீர் விட்டுக் காட்டுவீர்களா?" முகம் சுளிக்கிறார் என்றால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து வேகமாகப் போனால் விசில் சத்தம்.

உயரம் சரியில்லை. கண்ணாடியின் முன் விளிம்பு கூரையோடு சமமாகவோ ஒரு மயிரிழை தாழ்ந்தோ இருக்க வேண்டும், பின் விளிம்பு சமமாகவோ ஒரு மயிரிழை உயர்ந்தோ. எல்லாம் ஒரு மில்லிமீட்டருக்குள் நடக்கும் விளையாட்டு. கடையை விட்டுக் கிளம்பும் முன் விரல் நுனியைக் கூரையிலிருந்து கண்ணாடிக்கு இழுத்துப் பாருங்கள், தட்டுவது தெரியும். ஸ்க்ரூவைத் தளர்த்திச் சரிசெய்வது சில நிமிட வேலை, தனிப் பணம் கேட்கக் கூடாது.

கேள்வி: மூடினால் பாதியில் நின்று தானே திறந்துகொள்கிறது. மோட்டார் போச்சா?

அவசரப்படாதீர்கள். விரல் சிக்கினால் திரும்பும் பாதுகாப்பு அது. கண்ணாடியை மாற்றினாலோ பேட்டரியைக் கழற்றினாலோ பல கார்களில் தொடக்க நிலையைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். எந்த சுவிட்சை எவ்வளவு நேரம் அழுத்துவது என்று கையேட்டில் இருக்கும். அதன் பிறகும் திரும்பினால் ரெயிலில் தூள் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

கேள்வி: இன்சூரன்ஸ்காரரிடம் என்ன கேட்பது?

உங்கள் பாலிசியில் "கண்ணாடி" என்பதற்குள் கூரைக் கண்ணாடி வருமா, கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும், கிளெய்ம் போட்டால் அடுத்த வருடத் தள்ளுபடி போகுமா. வண்டியைப் பிரிப்பதற்கு முன் பார்வையிட ஆள் வர வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பிரித்த பிறகு கேட்டால் தகராறு.

கேள்வி: கண்ணாடியே வேண்டாம், தகடு வைத்து அடைத்துவிடலாமா?

வேண்டாம். ஒழுகும், சத்தம் வரும், விற்கும்போது வாங்குகிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

கேள்வி: பில்லில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

கண்ணாடியின் பார்ட் நம்பர், தயாரிப்பாளர், ஒழுகலுக்கும் சத்தத்துக்கும் எத்தனை மாதம் பொறுப்பு, தூள் எடுத்தது, குழாய் சோதித்தது. "சன்ரூஃப் வேலை" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் நாளைக்கு எதையும் கேட்க முடியாது.

கேள்வி: மாற்றி மூன்று வாரம் ஆகிறது. இன்று சீட்டுக்கு அடியில் ஒரு துண்டு கிடைத்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. சீட் ரெயில், கன்சோல் இடுக்கு, பெல்ட் கொக்கி என்று எங்கிருந்தாவது மாதக்கணக்கில் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். சீட்டைக் கழற்றினாலொழிய முழுக்க எடுக்க முடியாது. ஆனால் சன்ரூஃபைத் திறந்து மூடும்போது மேலிருந்து கரகரவென்று கேட்டால் அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். அதுவரை அந்த சுவிட்சில் கை வைக்காதீர்கள்.