சாய்ந்த அறைக்குள் நின்றால் கண்மட்டம் ஏன் மாறித் தெரிகிறது?

கண்மட்டத்தை, அதாவது எதிரே நம் கண்ணுக்குச் சமமான உயரம் எது என்பதை, கண் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதுதான் காரணம். உட்காதில் உள்ள நுண்ணிய கற்கள் புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று சொல்கின்றன. கழுத்தும் விழியும் எப்படித் திரும்பியிருக்கின்றன என்பதும் மூளைக்குத் தெரியும். இவற்றோடு சுவர், தரை, கூரை தரும் சாட்சியமும் சேர்கிறது. வழக்கமாக எல்லாம் ஒத்துப்போகும். அறையைச் சாய்த்தால்தான் தகராறு. அப்போது மூளை யாரையும் முழுதாக நம்பாமல் நடுவில் ஓரிடத்தில் நின்றுகொள்கிறது.

எதிர்ச்சுவரின் மேல்பக்கம் நம்மை விட்டு விலகிச் சாய்ந்திருந்தால், கண்மட்டம் என்று நாம் காட்டும் இடம் உண்மையான மட்டத்துக்குக் கீழே போய்விடும். நம் பக்கம் சாய்ந்திருந்தால் மேலே. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லெனர்ட் மேட்டினும் வென்சுன் லியும் இதை விரிவாக அளந்தார்கள். சாய்வில் பாதிக்கும் மேல் பிழையாக வந்துவிடுகிறது. 20 டிகிரி சாய்வுக்கு 10 டிகிரி என்று குறைத்தே வைத்தாலும், 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் அது அரை மீட்டர்! அறைகூட வேண்டாம்; இருட்டில் சாய்வான இரண்டு ஒளிக்கோடுகளே கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்துவிடுகின்றன என்பது அவர்களுடைய இன்னொரு முடிவு. இவ்வளவு கொஞ்சம் போதுமா என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

நான் மாணவர்களுக்கு இதை ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் காட்டுவேன். ஒரு பக்கம் திறந்திருக்கும், உள்ளே தடித்த கோடுகள், பின்சுவரில் நெடுக ஒரு பிளவு. திறந்த பக்கத்துக்கு அடியில் புத்தகங்களை அடுக்கி உயர்த்திவிட்டு, உள்ளே பெட்டி மட்டுமே தெரியும்படி பார்க்கச் சொல்வேன். பிளவு வழியே நீட்டிய பென்சில் நுனி மெதுவாக ஏறும். கண்மட்டம் வந்ததும் 'நிறுத்து' என்பார்கள். அப்புறம் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் சில விரற்கடை கீழே இருக்கும். பெட்டி சாய்ந்திருப்பது தெரிந்தவர்களும் அங்கேதான் நிறுத்துகிறார்கள்.

நியூட்ரலில் விட்ட கார் மேட்டில் ஏறுவதுபோலத் தெரியும் சாலைகளும் இந்த வகைதான். செங்குத்தான இறக்கத்துக்கு அடுத்து லேசான இறக்கம் வந்தால் அது ஏற்றமாகத் தெரியும். இத்தாலியில் பாவோலா பிரெசான் குழுவினர் மேசைமேல் மாதிரிச் சாலைகள் செய்து இதைக் காட்டி, 2003இல் வெளியிட்டார்கள்.

சரி, இப்படித் தவறாகத் தெரியும் பொருளைத் தொடச் சொன்னால்? கையை முழுதாக நீட்டினால் விரல் ஏறக்குறைய சரியான இடத்துக்கே போகிறது. கை எங்கே இருக்கிறது என்ற உணர்வும் அதே சாய்வால் பிசகிவிடுவதால் இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன என்பது மேட்டினும் லியும் தந்த விளக்கம். கையை உடம்புக்கு அருகில் வைத்துக்கொண்டு அந்தப் பொருளின் உயரத்தைக் காட்டச் சொன்னால் பிழை அப்படியே வெளியே தெரிந்துவிடும்.