ட்ரில் சாம்பிள் தரவை மைனிங் மென்பொருளில் ஏற்றும்போது எங்கே தவறு நடக்கிறது?

கேட்டவர் புதிதாக வேலையில் சேர்ந்த ஜியாலஜிஸ்ட். எக்செல்லில் இருந்த ட்ரில் தரவை மென்பொருள் ஒரு பிழையும் காட்டாமல் ஏற்றிக்கொண்டது, ஆனால் தங்கத்தின் கிரேடு (ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் என்ற அளவு) சீனியர் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவாக வருகிறது, எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அஸ்ஸே ஃபைலில், அதாவது ஆய்வக ரிசல்ட் இருக்கும் ஃபைலில், காலியாக இருந்த செல்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் மன்னார்குடியில், வீட்டு மாடியில் உட்கார்ந்து இந்த வேலையைத்தான் செய்கிறேன். தரவு எங்கெங்கோ இருந்து வரும், எங்கள் ஊர் மண்ணிலிருந்து மட்டும் வராது. இங்கே டீக்கடையில் 'ட்ரில்லிங்' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காலுக்கடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிற ஊர். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகும், 2023-ல் பக்கத்து வடசேரியின் பெயர் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்புக்குப் பின்தான் நீக்கப்பட்டது. அதனால் "தம்பி, எங்க தோண்டப் போறீங்க?" என்று கேட்பார்கள். "தங்கம்ணே, வேற நாட்டுல" என்றால்தான் டீ வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மென்பொருள் எதுவானாலும் அடிப்படையில் கேட்பது ஒன்றுதான். துளையின் வாய் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று சொல்லும் கோலர் அட்டவணை. துளை எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்து போகிறது என்று சொல்லும் சர்வே. எத்தனையாவது மீட்டரிலிருந்து எத்தனையாவது மீட்டர் வரை என்ன கிரேடு என்று சொல்லும் அஸ்ஸே. என்ன பாறை என்று சொல்லும் லித்தாலஜி. நான்கையும் சேர்த்துக் கட்டுவது துளையின் பெயர். அந்தப் பெயரின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தாலே ஒரு துளையின் அஸ்ஸே மொத்தமும் காணாமல் போகலாம். 'எம்ஏஆர்-12' என்று பெயர் வைத்தால் எக்செல் அதை மார்ச் 12 ஆக்கிவிடும். இரண்டும் எனக்கு நடந்திருக்கின்றன. 'இத்தனை முதல் இத்தனை மீட்டர் வரை' என்ற சாம்பிள் இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலோ, கோலரில் உள்ள ஆழத்தைத் தாண்டிச் சாம்பிள் இருந்தாலோ மென்பொருளே கத்தும். கத்துகிற தவறுகளைப் பற்றிக் கவலையில்லை.

காலி செல்லுக்கு அது கத்தாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கர்நாடகத்தில் ஒரு தங்கத் திட்டத்தின் தரவை ஏற்றினேன். காலியாக இருந்த இடங்கள் கண்ணை உறுத்தின. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து பூஜ்யம் போட்டுவிட்டேன். அங்கே தங்கம் குவார்ட்ஸ் நரம்பில் இருக்கும். நரம்பு நொறுங்கின இடத்தில் கோர், அதாவது துளையிலிருந்து உருளையாக எடுக்கும் பாறை, பெட்டிக்கு வந்து சேராது, கழுவிக்கொண்டு போய்விடும். கணக்கைப் பாருங்கள்: 40 முதல் 41 மீட்டர் வரை டன்னுக்கு 8 கிராம், 41 முதல் 42 வரை கோர் இல்லை, 42 முதல் 43 வரை 6 கிராம். நடுவில் இருப்பதை 'தெரியாது' என்று விட்டால் சராசரி 7. பூஜ்யம் போட்டால் 4.67. நரம்பின் நடுவே நானே ஓட்டை போட்டிருந்தேன். உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று என் ஊகம்.

அந்த வாரம் ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருந்தவர். மூட்டையில் குத்தூசியைச் செருகி எடுத்த ஒரு கை நெல்லை மீட்டரில் போட்டு, ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே வயதைக் கழித்தவர். "குத்தாத மூட்டைக்கு ஈரம் பூஜ்யம்னு எழுதுவியாடா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அடுத்த திட்டத்தில் உஷாராகி எல்லாக் காலியையும் காலியாகவே விட்டேன். அப்போது எதிர்ப்பக்கம் விழுந்தேன். அங்கே காலியாக இருந்தவை, பார்த்தாலே வெற்றுப் பாறை என்று தெரிந்ததால் பணம் மிச்சம் பண்ண ஆய்வகத்துக்கே அனுப்பாத மீட்டர்கள். துளைகளுக்கு நடுவே உள்ள பாறையின் கிரேடைக் கணிக்கும் எஸ்டிமேஷனில் அந்தப் பாறைக்கென்று எண் இல்லாததால், பக்கத்து நரம்பின் எண்கள் அங்கேயும் பரவின. வெற்றுப் பாறையெல்லாம் தாது ஆகிவிட்டது. அங்கே பூஜ்யமோ, அதற்கு நெருக்கமான சிறிய எண்ணோ போட்டிருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு காலிக்கும் காரணம் தெரிய வேண்டும்: கோர் வரவில்லையா, அனுப்பவில்லையா, ரிசல்ட் இன்னும் வரவில்லையா?

இதற்கு ஒன்றுவிட்ட தம்பிகள் சில உண்டு. ஆய்வகம் 'அளக்கும் வரம்புக்குக் கீழே' என்பதை 0.01-க்கு முன்னால் சிறியது குறி போட்டு அனுப்பும். அது எழுத்தாக இருப்பதால் சில மென்பொருள்கள் அதைக் காலியாக்கிவிடும். பாதி மதிப்பு, அதாவது 0.005 போடுவது பரவலான வழக்கம். சில ஃபைல்களில் அதுவே -0.01 என்றும், வராத ரிசல்ட் -999 என்றும் இருக்கும். அவற்றோடு சராசரி எடுத்தால் சுரங்கமே கடனில் இருப்பதாகக் காட்டும். தங்கம் பிபிபி-யில் (நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற அளவில்) வந்திருந்தால் 1000-ஆல் வகுத்தால்தான் டன்னுக்குக் கிராம் கிடைக்கும். ஆய்வகத்தைச் சோதிக்க நடுவில் நுழைத்த, கிரேடு முன்பே தெரிந்த ஸ்டாண்டர்டும் தங்கமே இல்லாத பிளாங்க்கும் அஸ்ஸே அட்டவணைக்குள் வந்துவிடக் கூடாது.

சாய்மானக் குறியில் ஒரு குழப்பம் வரும். சர்பேக் என்ற மென்பொருளில் கீழ்நோக்கிய சாய்வு எதிர்மறை எண், டேட்டாமைனில் நேர்மறை. மாறிப்போனால் முப்பரிமாணத்தில் துளைகள் தென்னந்தோப்பு மாதிரி வானத்தைப் பார்த்து நிற்கும், உடனே தெரிந்துவிடும். திசையில் வரும் தவறு அப்படித் தெரியாது. காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் நம் பக்கம் வித்தியாசம் மிகக் குறைவு. கனடாவில் பல இடங்களில் பத்து டிகிரிக்கு மேல். 300 மீட்டர் கிடையாக ஓடுகிற துளையில் பத்து டிகிரி என்றால் முனை 50 மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும்.

சாம்பிள்களைச் சம நீளத்துக்குக் கொண்டுவரும் கம்போஸிட் வேலையை மென்பொருள் ஒழுங்காகச் செய்யும், நீங்களாக எக்செல்லில் செய்யாதீர்கள். அரை மீட்டருக்கு 20 கிராம், ஒன்றரை மீட்டருக்கு 2 கிராம் என்றால் சராசரி 11 அல்ல, 6.5.

இப்போது உங்கள் ஃபைலைத் திறந்து, லித்தாலஜியில் குவார்ட்ஸ் நரம்பு என்று எழுதியிருக்கும் இடைவெளிகளை மட்டும் வடிகட்டுங்கள். அவற்றில் எத்தனைக்குக் கிரேடு சரியாகப் பூஜ்யம் என்று எண்ணுங்கள். ஆய்வகம் சாதாரணமாகச் சுத்தப் பூஜ்யம் அனுப்பாது, ஆகவே அவை யாரோ போட்டவை. அந்த மீட்டர்களுக்கான கோர் ரெக்கவரி (எத்தனை சதவீதம் கோர் கிடைத்தது என்ற கணக்கு) உங்களிடம் இல்லையென்றால் சைட்டில் கேளுங்கள். கோரைப் பார்த்து லாக் எழுதியவரின் நோட்டில் பெரும்பாலும் இருக்கும்.